மின்சாரம் நின்ற பிறகு மின்னிய கல்: சேலம் அருகே ஒரு குவார்ட்ஸ் ஆலையில் நடந்தது

பின்னணி

சேலத்திலிருந்து சங்ககிரி செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஆலை. குவார்ட்ஸ் கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, மூட்டை கட்டிக் கண்ணாடி, பீங்கான் தொழில்களுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு ஷிப்டுகளிலும் சேர்த்து 11 பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள், மற்றவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். ஆலையின் சூப்பர்வைசர் என்னிடம் படித்தவர். அந்தப் பழக்கத்தில்தான், கல் உடைக்கும் எந்திரத்துக்குள் இரவில் ஒளி மின்னிய இந்த விவகாரம் என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு எழுதுகிறேன்.

சேலத்துக்காரர்களுக்குக் கல் புதிதல்ல. நகரத்தின் வடக்கே வெள்ளை மேக்னசைட் கரடுகள், மேற்கே இரும்புத் தாது கிடக்கும் கஞ்சமலை, தலைக்கு மேலே சார்னோகைட் பாறையால் ஆன சேர்வராயன் மலை. குவார்ட்ஸுக்கு எங்கள் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்று பெயர். ஏர் ஓட்டும்போது கொழுவில் இடறும் வெள்ளைக் கல் அது. இரண்டு கல்லைப் பொறுக்கிக்கொண்டு போர்வைக்குள் புகுந்து, உரசி வெளிச்சம் பார்த்த பிள்ளைகள் இங்கே ஏராளம். நானும் பார்த்திருக்கிறேன். இருந்தும் செய்தி "மின்கசிவு" என்ற சொல்லோடு வந்ததால், முதல் நாள் எனக்கு அந்தப் போர்வை நினைவுக்கு வரவே இல்லை.

ஆலையின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடப்பதற்கெல்லாம் அது தேவை. லாரியில் வரும் பெரிய கற்களைச் சம்மட்டியால் உடைத்து, பாண்டில் அள்ளி, மேடைமேல் நிற்பவரிடம் கொடுக்கிறார்கள். அவர் அதைக் கிரஷரின் வாயில் கொட்டுகிறார். உள்ளே இரண்டு எஃகுத் தகடுகள். ஒன்று அசையாது, மற்றொன்று ஆடும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் கல் நொறுங்கிக் கீழே விழுகிறது. மோட்டாரிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் கனத்த சக்கரம் ஒன்று தகட்டை ஆட்டுகிறது. மோட்டார் நின்றாலும் அந்தச் சக்கரம் உடனே நிற்காது; ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் ஓயும். மேடை இருக்கும் கொட்டகைக்கு மூன்று பக்கம் தகரச் சுவர். கிரஷர் வாயில் தண்ணீர் தெளிக்க ஒரு குழாய் உண்டு. பொடி ஈரமானால் சல்லடை அடைத்துக்கொள்கிறது என்பதால் அதை மூடி வைத்திருந்தார்கள்.

முதல் இரவு

தை மாதத்து இரவு, இரண்டு மணி இருக்கும். மேடைமேல் நின்றவர் ஐம்பது வயதை நெருங்குபவர், கல் ஆலைகளில் 12 ஆண்டு அனுபவம் உள்ளவர். கிரஷர் வாய்க்குள் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் மின்னியதாகக் கூவிக்கொண்டு பின்னால் நகர்ந்தவர், படியில் கால் தவறிக் கீழே விழுந்தார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரிடமிருந்து இருபது அடி தூரத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் எதையும் பார்க்கவில்லை என்றார். மேடை பக்கம் அவர் முகம் திரும்பித்தான் இருந்தது. ஒருவர் பார்த்தேன் என்கிறார், அதே நேரத்தில் அதே திசையைப் பார்த்த இன்னொருவர் இல்லை என்கிறார். இந்த முரண்பாட்டைச் சாக்காக வைத்து, விழுந்தவர் அரைத் தூக்கத்தில் இருந்திருப்பார் என்று பேச்சு கிளம்பியது. அது அவரை மிகவும் புண்படுத்தியது. ஷிப்டில் மூத்தவர் ஒருவர், அந்த லோடு கல் ஒரு முனியப்பன் கோயிலை ஒட்டிய நிலத்திலிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்தினார். மறுநாள் காலை ஆலை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

மின்கசிவு என்ற முடிவு

ஆலை உரிமையாளர் இரவு ஷிப்டை நான்கு நாள் நிறுத்தினார். இந்த முடிவு சரியானது. இரும்பு மேடை, 3 ஃபேஸ் மோட்டார், காரணம் தெரியாத ஒரு வெளிச்சம்: மின்கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை யாரையும் அங்கே நிற்க விடக் கூடாது. எலக்ட்ரீஷியன் மோட்டார் சுருளை மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்தார், கோளாறு இல்லை. எர்த் பட்டை ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டு முறுக்கிவிட்டார். "குறை கிடைத்துவிட்டது, சரிசெய்தாகிவிட்டது" என்று உரிமையாளர் அறிவித்தார். ஷிப்ட் மீண்டும் தொடங்கியது.

எர்த் பட்டையைச் சரிசெய்தது நல்லதுதான். ஆனால் தேடும்போது கிடைத்த ஒரு குறை, தேடிய காரணமாகவே ஆகிவிடாது. ஆறாவது இரவு மேடைமேல் வேறொருவர் நின்றார், ஒடிசாக்காரர். அவரும் அதே வெளிச்சத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் என்னை அழைத்தார்.

நான் கேட்காத கேள்வி

பார்த்த இருவரிடமும் தனித்தனியே பேசினேன். என்ன நிறம், எவ்வளவு நேரம், எந்த இடத்தில், சத்தம் வந்ததா, வாடை வந்ததா என்று வரிசையாகக் கேட்டேன். நீலம் கலந்த வெள்ளை, நடுவில் சில ஆரஞ்சுப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம்தான். வெளிச்சம் கல்லுக்குள்ளேயே இருந்தது, வெளியே தெறிக்கவில்லை. இரண்டு பேரின் பதிலும் ஒத்துப்போனது.

எஃகுத் தகட்டில் கல் மோதிப் பறந்த நெருப்புப் பொறி என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பு உண்டாக்கும் முறையும் அதுதான்: கல் சீவி எடுக்கும் இரும்புத் துகள் காற்றில் எரிகிறது. ஆனால் அப்படிப்பட்ட பொறி மஞ்சளாக, வளைந்து பறந்து, விழும் வழியில் அணையும். நீலமாக ஒரே இடத்தில் நிற்காது. மூட்டை தைத்தவர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் என்னிடம் விடை இல்லை.

மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் முதலாமவரோடு உட்கார்ந்திருந்தபோது, மின்கசிவுச் சோதனையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கசிவு என்கிறார்கள் சார். கரண்ட் போன பிறகுதானே நான் பார்த்தேன்?"

தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு இரவுகளிலும் மின்தடை வந்திருக்கிறது. விளக்குகள் அணைந்தன, மோட்டார் நின்றது, கனத்த சக்கரம் மட்டும் சில சுற்று ஓடியது. அந்தச் சில சுற்றில் நொறுங்கிய கற்களைத்தான் அவர்கள் இருட்டில் பார்த்திருக்கிறார்கள். மின்சாரமே இல்லாத நேரத்தில் மின்கசிவு எப்படி வரும்? நான்கு நாள் சோதனையை ஒரே கேள்வி தீர்த்திருக்கும்: அந்த நேரத்தில் விளக்கு எரிந்ததா? எலக்ட்ரீஷியன் கேட்கவில்லை, உரிமையாளர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்தவருக்கோ அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

சாட்சிகளின் முரண்பாடும் அத்தோடு தீர்ந்தது. மேடைக்கு மேலே இருந்த பல்பு பல நாளாக எரியவில்லை என்பதைப் போய்ப் பார்த்து உறுதிசெய்தேன். மேடைமேல் நிற்பவர் மணிக்கணக்காக அரை இருட்டில் இருந்திருக்கிறார். மூட்டை தைத்தவர் டியூப் லைட்டுக்கு நேர் கீழே. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். விளக்கு அணைந்த அடுத்த நொடியில் ஒருவருக்குக் கண் திறந்திருந்தது, மற்றவருக்கு மூடியிருந்தது போலத்தான். இருவர் சொன்னதும் உண்மை. விழுந்தவரிடம் இதை அன்று மாலையே விளக்கினேன். தன்னைத் தூங்குமூஞ்சி என்று சொன்னவரை அழைத்து வந்து, இந்த விளக்கத்தை அவர் எதிரில் இன்னொரு முறை என்னைச் சொல்ல வைத்தார்.

கிடங்கில் ஒரு மாலை

கிரஷரை இருட்டில் ஓட்டி எல்லோரும் பார்த்துவிடலாம் என்றார் உரிமையாளர். நான் மறுத்துவிட்டேன். சுழலும் எந்திரத்தின் பக்கத்தில் இருட்டில் ஆட்களை நிறுத்தி அறியவேண்டிய உண்மை எதுவும் இல்லை. ஒருவர் ஏற்கெனவே விழுந்திருக்கிறார்.

அதற்குப் பதிலாக, மூட்டைக் கிடங்கின் ஜன்னல்களைக் கோணியால் அடைத்துவிட்டு, ஆறு பேர் அரை மணி நேரம் இருட்டில் பேசாமல் உட்கார்ந்தோம். பிறகு ஆளுக்கு இரண்டு வெங்கச்சங்கற்களைக் கொடுத்து அழுத்தி உரசச் சொன்னேன். கைப்பிடிக்குள் கல் பழுத்தது போல ஆரஞ்சு வெளிச்சம் பரவியது. கல் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது என்பதால், உரசும் இடத்தில் பிறந்த வெளிச்சம் கல் முழுவதும் ததும்பி, விரல் ஓரங்களைக் காட்டியது. தீய்ந்த வாடையும் வந்தது. வாளித் தண்ணீருக்குள் முக்கி உரசியபோதும் ஒளி தெரிந்தது. இரும்பே படாத இடத்தில், தண்ணீருக்குள்ளும் வருகிறதென்றால் எரியும் இரும்புத் துகள் காரணமாக இருக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேக்னசைட் துண்டுகளையும், ஏற்காட்டு மலைச் சாலை ஓரத்தில் எடுத்த சார்னோகைட் துண்டுகளையும் கொண்டுபோயிருந்தேன். மேக்னசைட்டில் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சார்னோகைட்டில் மங்கலாக அங்கங்கே புள்ளிகள். அந்தப் பாறையிலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் கருமையான பைராக்சீன் கனிமங்கள் கலந்திருப்பதால் ஒளி ததும்ப வழியில்லை.

எந்த நிறம் என்பதுதான் எனக்கு உறுத்தியது. உரசினால் ஆரஞ்சு. கிரஷரில் பார்த்தவர்கள் சொன்னதோ நீலம் கலந்த வெள்ளை. கல் உரசப்படும்போதும் உடையும்போதும் நடப்பது வேறு வேறா?

கல்லூரி ஆய்வகத்தில்

கட்டடப் பொறியியல் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் அழுத்தச் சோதனை எந்திரம் இருக்கிறது. ஆலையிலிருந்து எடுத்த கல்லை 50 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டித் தேய்த்து எடுத்தோம். குவார்ட்ஸ் ஐந்து, சார்னோகைட் மூன்று, ஒப்பீட்டுக்குக் கான்கிரீட் இரண்டு. எந்திரத்தைச் சுற்றிக் கெட்டியான பாலிகார்பனேட் தடுப்பு வைத்தோம். கடினமான கல் உடையும்போது வெடிப்பது போலச் சிதறும். தடுப்பு இல்லாமல் செய்யக் கூடாத வேலை இது.

எந்த நொடியில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸ் துளையை முழுதாகத் திறந்து, 30 நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்தோம். முதல் கல்லின் படத்தில் ஒரு சிவப்பு மூட்டம் மட்டுமே இருந்தது. எந்திரத்தின் இலக்கப் பலகையில் எரியும் சிறிய சிவப்பு விளக்குதான் காரணம் என்று ஆய்வக உதவியாளர் கண்டுபிடித்து, கறுப்பு டேப் ஒட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், கண்ணிலேயே படாமல் விட்ட விளக்கு அது.

இரண்டாவது கல்லில் அழுத்தும் விசை 200 கிலோநியூட்டனைத் தாண்டியதும் உப்பு வெடிப்பது போல மெல்லிய சடசடப்பு கேட்டது. உள்ளே சிறு விரிசல்கள் ஓடும் ஓசை. 250-ஐ நெருங்கும்போது பெரிய ஓசையுடன் உடைந்தது. உடைந்த அதே கணத்தில் கல் நின்ற இடத்தில் நீலவெள்ளை ஒளி, மத்தாப்பை ஒரு முறை மூடித் திறந்தது போல. ஆலையில் முதலில் பார்த்தவரை ஆய்வகத்துக்கு அழைத்து வந்திருந்தேன். "இதேதான் சார்" என்றார். ஐந்து குவார்ட்ஸ் கற்களில் மூன்றில் படம் கிடைத்தது. ஒன்று சிவப்பு விளக்கால் கெட்டது, இன்னொன்று ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் உடைந்துவிட்டது. சார்னோகைட்டுக்கு 400 கிலோநியூட்டனுக்கு மேல் தேவைப்பட்டது. மூன்றில் ஒன்றில் மட்டும் மங்கலான கீற்று. கான்கிரீட் இரண்டிலும் ஒன்றும் இல்லை.

ஒளி எங்கிருந்து வருகிறது

மாணவர்கள் கேட்டதற்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பாறையில் விரிசல் ஓடும்போது, ஒட்டியிருந்த இரண்டு முகங்கள் பிரிகின்றன. அப்படிப் பிரியும்போது ஒரு முகத்தில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் மிஞ்சக்கூடும். குவார்ட்ஸை அழுத்தினாலே மின்னூட்டம் பிறக்கும் என்பதை கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள், அதுவும் சேர்ந்துகொள்கிறது. விரிசலின் இடைவெளி மிகச் சிறியது என்பதால் மின்புலம் மிகக் கடுமையாகிறது. அங்கே முடுக்கப்படும் எலெக்ட்ரான்கள் காற்றில் மோதி, நைட்ரஜனை ஒளிர வைக்கின்றன. அந்த ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புறஊதா. மிஞ்சும் ஊதாவும் நீலமும்தான் நாம் காண்பது. நகக்கண் அளவில் நடக்கும் மின்னல் என்று சொல்லலாம். 1986-இல் பிராடி, ரோவெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பாறைகளை வெவ்வேறு வாயுக்களுக்குள் வைத்து உடைத்துப் பார்த்தார்கள். வாயு மாறினால் ஒளியின் நிறமாலையும் மாறியது. ஒளிர்வது பெரும்பாலும் கல்லைச் சூழ்ந்த வாயுதான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உரசும்போது வருவது வேறு வகை. இரண்டு கற்களும் உண்மையில் தொட்டுக்கொள்வது சில நுண்ணிய முனைகளில் மட்டும். அந்த முனைகள் ஒரு கணம் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்து, கொல்லன் உலை இரும்பு போல ஆரஞ்சாக ஒளிர்கின்றன. கிரஷர் வாயில் உடைதல், உரசல் இரண்டும் நடப்பதால்தான் நீலத்தின் நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள். பார்த்தவர் சொன்ன வருணனையில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

நிலநடுக்கத்தின்போது வானில் தெரிவதாகச் சொல்லப்படும் ஒளியும் இதுதானா என்று ஒரு மாணவி கேட்டார். ஜப்பானின் மட்சுஷிரோ பகுதியில் 1965 முதல் 1967 வரை தொடர்ந்த நில அதிர்வுகளின்போது அப்படிப்பட்ட ஒளிகள் படம் பிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உள்ளங்கை அளவு கல்லில் கண்டதை மலை அளவுக்குப் பெருக்கி முடிவு சொல்வது என் வேலை இல்லை என்றேன்.

டார்ச் வெளிச்சம் காட்டியது

நான்காவது கல் உடைந்ததும், மெயின் விளக்கைப் போடும் முன் ஆய்வக உதவியாளர் கையிலிருந்த டார்ச்சை எரிய விட்டார். ஒளிக்கற்றைக்குள் வெண்தூசி ஒரு தூண் போல நின்றது. விழவில்லை, நகரவில்லை, அப்படியே நின்றது. அவர் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்: "சார், நாம் இன்று நாலு கல் உடைத்தோம். இவர்கள் ராத்திரி முழுக்க இதையேவா உடைக்கிறார்கள்?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆலையிலிருந்து வந்தவர் சுவரோரம் நின்று இருமிக்கொண்டிருந்தார். முதல் நாள் பேசியபோதும் அவர் இப்படித்தான் இருமினார். தேநீர்க் கடையிலும் இருமினார். என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நிறம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பல்பு எரியாதது இருக்கிறது. இருமல் ஓரிடத்தில்கூட இல்லை. ஆலைக்குப் போன ஒவ்வொரு முறையும் மேடைமேல் நிற்பவர்களின் புருவமும் இமையும் மாவு பூசியது போல வெளுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதவில்லை. காரணம் கண்டுபிடிக்க வேண்டிய பொருளாக எனக்கு ஒளி மட்டுமே தெரிந்தது.

அந்த ஒளியால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. தூசியின் கதை அப்படி அல்ல. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் நுண்தூசி நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயை மாற்றும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது முற்றலாம். காசநோய் தொற்றும் ஆபத்தையும் கூட்டுகிறது. படிகச் சிலிக்காத் தூசியை (குவார்ட்ஸ் அதில் ஒரு வகை) புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. தூசிக்கு ஒரு வரம்பையும் வகுத்தது. நுரையீரல்வரை போகக்கூடிய தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதமோ அதோடு 2 கூட்டி, 10-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். முழுக்கக் குவார்ட்ஸ் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். கண்ணுக்குத் தூண் போலத் தெரியும் தூசி அந்த வரம்பை எங்கோ தாண்டியது.

அதன் பிறகு

மறுநாள் உரிமையாளரிடம் இரண்டு முடிவுகளைச் சேர்த்தே சொன்னேன். ஒளிக்கு ஆலையில் எந்தப் பழுதும் காரணம் இல்லை. தூசிக்கு மூடிய தண்ணீர்க் குழாய் காரணம். முதல் செய்தியில் அவர் முகம் தெளிந்தது, இரண்டாவதில் இறுகியது. ஈரப் பொடியை வாங்குபவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே எல்லா இடத்திலும் நனைக்காமல், கிரஷர் வாயில் மட்டும் பனி போலத் தெளிக்கும் நுண்துளைக் குழாய்களைப் பொருத்துவது, சல்லடைமேல் கூண்டு அமைத்துத் தூசியை உறிஞ்சிப் பைவடிகட்டிக்குள் இழுப்பது என்று முடிவானது. கொட்டகையின் ஒரு பக்கத் தகரத்தைக் கழற்றினார்கள். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது என்பதை விளக்கி, பொருந்தி உட்காரும் வடிகட்டி முகமூடிகளை வாங்க வைத்தோம். மேடை பல்பையும் அன்றே மாற்றினார்கள்.

11 பேருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதில்தான் பெரிய தடை. உரிமையாளரைவிடத் தொழிலாளர்கள்தான் தயங்கினார்கள். படத்தில் ஏதாவது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். என்ன தெரிந்தாலும் சம்பளம் குறையாமல் வேறு வேலை தருவதாக உரிமையாளர் எழுதிக் கொடுத்த பிறகே சம்மதித்தார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

ஒளியைப் பற்றி அவர்களுக்கு விளக்க, கால் கிலோ கற்கண்டு வாங்கிப் போனேன். கிடங்கு இருட்டில் ஆளுக்கொரு கட்டியைக் குறட்டால் நொறுக்கச் சொன்னபோது நீலப் பொறிகள் தெரிந்தன. சர்க்கரையைச் சுரண்டினால் ஒளிர்வதை 1605-லேயே பிரான்சிஸ் பேக்கன் எழுதிவைத்திருக்கிறார். சாமிக்குப் படைக்கும் கற்கண்டிலேயே அந்த வெளிச்சம் இருக்கிறது என்பது, நான் வரைந்து காட்டிய படங்களைவிட அவர்களுக்கு நிறைவாக இருந்தது. மூத்தவர் முனியப்பனுக்கு நேர்ந்துகொண்ட பொங்கலை வைத்தார். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

எக்ஸ்ரேயில் ஒன்பது பேருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஒருவரை ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். முதலில் ஒளியைப் பார்த்தவருக்கு இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் சிறு முடிச்சுகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அவர் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தார். மருத்துவர் அவருடைய வேலை வரலாற்றை முழுதாகக் கேட்டு, சளியையும் சோதித்து, சிலிக்கோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டப்படி தெரிவிக்கும் வேலையைச் சூப்பர்வைசர் முடித்தார்.

நோய் கண்டவரின் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த வெளிச்சம் பட்டதாலா சார் இப்படி ஆகிவிட்டது?" இல்லை அம்மா, என்றேன். 12 ஆண்டாகச் சேர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரச் சிறிது நேரம் ஆயிற்று.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

பார்த்தவரிடம் முதலில் நிறத்தைக் கேட்க மாட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை அவர் போக்கில் முதலிலிருந்து சொல்லச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்பேன். விளக்கு அணைந்தது தானாகவே வந்திருக்கும்.

கிடங்குச் சோதனையை அப்படிச் செய்தது தவறு. மூடிய அறை, ஆறு பேர், உலர்ந்த குவார்ட்ஸை அரை மணி நேரம் உரசினோம். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. தண்ணீர் வாளிக்குள் உரசினாலே ஒளி தெரிகிறது என்பதால் முழுச் சோதனையையும் தண்ணீருக்குள்ளேயே செய்திருக்கலாம். பள்ளிகளில் இதைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்கள் தண்ணீருக்குள் உரசுவதையோ கற்கண்டையோ பயன்படுத்தட்டும். ஆய்வகத்தில் முகமூடி எல்லோருக்கும் முதல் கல்லிலிருந்தே கொடுத்திருக்க வேண்டும். ஐந்தாவது கல்லுக்குத்தான் கொடுத்தோம்.

தண்ணீர்க் குழாய் மூடியிருப்பதை முதல் வருகையிலேயே பார்த்தேன். சல்லடை அடைப்பு என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, ஒளியைத் தேடிப் போய்விட்டேன். அன்றே திறக்கச் சொல்லியிருந்தால் மூன்று வாரத் தூசி அவர்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

இப்போது

நுண்துளைக் குழாய்கள் இயங்குகின்றன. கடின நீரால் மாதம் ஒரு முறை உப்புப் படிந்து அடைக்கின்றன, கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். உறிஞ்சும் கூண்டு ஒரு மாதம் தாமதமாக வந்தது. காற்றில் உள்ள தூசியை அளக்க வெளியிலிருந்து ஆட்களை அழைத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. முதலில் ஒளியைப் பார்த்தவர் இப்போது வாசலில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறார், பழைய சம்பளத்தில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த எக்ஸ்ரே ஆடி மாதம்.